டார்ச் லைட் பெட்டியில் உள்ள எண்களைப் படிப்பது எப்படி?

என்னிடம் இரண்டு டார்ச் லைட்டுகள் இருக்கின்றன. ஒன்றின் பெட்டியில் 3000 லூமென் என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். மற்றொன்றின் பெட்டியில் அடக்கமாக 400 லூமென். ஒருநாள் இரவு, திறந்தவெளியின் மறுகோடியில் ஏறக்குறைய 150 மீட்டர் தள்ளி நின்ற மரத்தின் மேல் இரண்டையும் அடித்துப் பார்த்தேன். 3000 லூமென் டார்ச் என் காலடிப் புல்லைப் பட்டப்பகலாக்கியது. மரம் மட்டும் கரிய குவியலாகவே நின்றது. 400 லூமென் டார்ச்சில் மரம் கிளை கிளையாகப் பிரிந்து தெரிந்தது. உச்சியில் எதனுடையவோ இரண்டு கண்கள் மின்னின.

இரண்டு பெட்டிகளும் பொய் சொல்லவில்லை. நான்தான் படிக்க வேண்டிய எண்ணை விட்டுவிட்டுப் பெரிதாக அச்சிட்ட எண்ணைப் படித்திருந்தேன். பெட்டியில் எது மிகப் பெரிதாக இருக்கிறதோ அதைக் கடைசியாகப் படிப்பது என்று அன்றிலிருந்து வைத்திருக்கிறேன். அந்த வரிசையில்தான் இந்த வழிகாட்டியும் போகிறது. அந்த இரண்டு டார்ச்களும் கடைசிவரை கூடவே வரும்.

படி 1: மூன்று அலகுகளைப் பிரித்துப் பாருங்கள்

லூமென், கேண்டெலா, லக்ஸ் ஆகிய மூன்றும் ஒன்றல்ல. ஒரு மெழுகுவர்த்தியை வைத்தே மூன்றையும் புரிந்துகொள்ளலாம்.

சாதாரண மெழுகுவர்த்தி ஒவ்வொரு திசையிலும் ஏறக்குறைய 1 கேண்டெலா செறிவில் ஒளி தருகிறது. கேண்டெலா என்ற பெயரே மெழுகுவர்த்தியிலிருந்து வந்ததுதான். எல்லாத் திசைகளிலும் போகும் ஒளியைக் கூட்டினால் 12.57 லூமென், அதாவது 4 பெருக்கல் பை. ஆக, லூமென் என்பது விளக்கிலிருந்து வெளியேறும் ஒளியின் மொத்தம். கேண்டெலா என்பது ஒரு குறிப்பிட்ட திசையில் அந்த ஒளி எவ்வளவு செறிவாகப் போகிறது என்பது.

இனி அந்த 12.57 லூமெனையும் சிந்தாமல் பிடித்து, 10 டிகிரி அகலமுள்ள கூம்புக்குள் அடைத்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். மொத்த ஒளி ஒரு துளியும் கூடவில்லை. ஆனால் அந்தத் திசையில் செறிவு 500 கேண்டெலாவைத் தாண்டிவிடும். மேசையைத் தாண்டாத மெழுகுவர்த்தி வெளிச்சம், டார்ச் கணக்குப்படி 45 மீட்டர் தூரம் எட்டும். ரிஃப்ளெக்டர் (ஒளியை முன்னோக்கித் திருப்பும் பளபளப்பான கிண்ணம்), லென்ஸ் என்று டார்ச்சின் முன்பக்கத்தில் இருக்கும் எல்லாமே செய்வது இந்த அடைக்கும் வேலையைத்தான்.

மூன்றாவது அலகு லக்ஸ். ஒரு பரப்பின் மேல் வந்து விழும் ஒளியின் அளவு அது. ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லூமென் விழுந்தால் 1 லக்ஸ். அதே மெழுகுவர்த்தி 1 மீட்டர் தூரத்துச் சுவரில் 1 லக்ஸ் தரும். 2 மீட்டரில் பாதியல்ல, கால்வாசிதான். 10 மீட்டரில் நூறில் ஒரு பங்கு. தூரத்தை அதனாலேயே பெருக்கி, வந்த எண்ணால் கேண்டெலாவை வகுத்தால் லக்ஸ் கிடைக்கும். இந்த ஒரு வகுத்தல் தெரிந்திருந்தால் போதும், பாதி விளம்பரங்கள் உங்களிடம் எடுபடாது.

படி 2: எந்தத் தர அளவில் சோதித்தார்கள் என்று பாருங்கள்

முன்பு ஆளுக்கொரு விதமாக அளந்து, ஆளுக்கொரு எண்ணை அச்சிட்டுக்கொண்டிருந்தார்கள். 2009-இல் அமெரிக்காவில் எஃப்எல் 1 என்ற தர அளவு வந்தது. பெட்டியில் சிறு சிறு கட்டங்களுக்குள் படங்களும் அவற்றின் கீழ் எண்களும் இருந்தால், அது ஏஎன்எஸ்ஐ (அமெரிக்கத் தேசியத் தர அளவு நிறுவனம்) எஃப்எல் 1 முறையைப் பின்பற்றுவதாகச் சொல்கிறது என்று பொருள். அதன்படி அளக்கும் விதம் இதுதான்:

- ஒளி வெளியீடு (லூமென்): டார்ச்சைப் போட்ட 30 நொடி முதல் 2 நிமிடத்துக்குள், உட்புறம் வெள்ளை பூசிய கோளத்துக்குள் வைத்து அளப்பார்கள். போட்டவுடன் ஒரு நொடி மின்னும் உச்சம் கணக்கில் சேராது.
- உச்சச் செறிவு (கேண்டெலா): ஒளிக்கற்றையின் மிகப் பிரகாசமான இடத்தில் அளப்பது.
- ஒளி எட்டும் தூரம்: வெளிச்சம் 0.25 லக்ஸாகக் குறையும் இடம் வரைக்குமான தூரம். தெளிந்த வானத்தில் முழுநிலா தரும் வெளிச்சம் அவ்வளவுதான்.
- எரியும் நேரம்: தொடக்க ஒளியில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை ஆகும் நேரம்.
- கீழே விழுந்தால் தாங்கும் உயரமும், நீர் புகாமையும். நீரைப் பொறுத்தவரை ஐபிஎக்ஸ் 4 என்றால் எந்தப் பக்கத்திலிருந்து தெறித்தாலும் தாங்கும்; ஐபிஎக்ஸ் 7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும்.

ஒன்றை மறக்க வேண்டாம். இது கட்டாயச் சட்டமல்ல, விருப்பத் தர அளவு. தயாரிப்பாளரே தன் ஆய்வகத்தில் அளந்து தானே அச்சிட்டுக்கொள்ளலாம். ஆனாலும் அந்தப் படக்கட்டங்கள் உள்ள பெட்டியில் எண்கள் பெரும்பாலும் நியாயத்துக்குப் பக்கத்தில் இருக்கின்றன. அவை இல்லாத பெட்டியில் எழுதியிருப்பதைக் கற்பனை வளம் என்று எடுத்துக்கொள்வது நல்லது.

இன்னொரு தந்திரம்: உள்ளே இருக்கும் எல்இடி சில்லு தனியாகத் தரக்கூடிய லூமெனை அப்படியே எடுத்துப் போடுவது. ரிஃப்ளெக்டரிலும் கண்ணாடியிலும் ஒரு பகுதி ஒளி இழக்கப்படுகிறது. நமக்கு வேண்டியது முன்பக்கக் கண்ணாடியைத் தாண்டி வெளியே வரும் லூமென் மட்டும்தான்.

படி 3: தூரத்தைக் கணக்கிடுங்கள், பிறகு தள்ளுபடி செய்யுங்கள்

கேண்டெலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் எஃப்எல் 1 தூரம் மீட்டரில் வந்துவிடும். என் 3000 லூமென் டார்ச்சின் உச்சச் செறிவு 9000 கேண்டெலா. தூரம் 190 மீட்டர். 400 லூமென் டார்ச்சுக்கு 40,000 கேண்டெலா; தூரம் 400 மீட்டர். பெட்டியில் தூரம் மட்டும் இருந்து கேண்டெலா இல்லையென்றால் திருப்பிப் போடுங்கள்: தூரத்தைத் தன்னாலேயே பெருக்கி நான்கால் வகுத்தால் கேண்டெலா.

அப்படியானால் 190 மீட்டர் எட்டும் டார்ச்சில் 150 மீட்டரில் இருந்த மரம் தெரிந்திருக்க வேண்டுமே? அங்கேதான் தள்ளுபடி வருகிறது. 9000-ஐ 22,500-ஆல் வகுத்தால் மரத்தின் மேல் விழுந்த ஒளி 0.4 லக்ஸ். முழுநிலாவைவிடச் சற்று அதிகம்தான். ஆனால் நிலவொளியில் பார்க்கும்போது நம் கண் இருட்டுக்குப் பழகியிருக்கும். டார்ச் அடிக்கும்போதோ காலடியில் இருக்கும் புல் பளீரென்று எரிந்து கண்மணியைச் சுருக்கிவிடுகிறது. சுருங்கிய கண்ணுக்கு 0.4 லக்ஸ் என்பது வெறும் இருட்டு. மற்ற டார்ச் அதே மரத்தின் மேல் கிட்டத்தட்ட 1.8 லக்ஸ் ஒளியைப் போட்டது. கூடவே, காலடியில் அதிகம் சிந்தவில்லை.

என் கைக்கணக்கு இது. எஃப்எல் 1 தூரத்தில் பாதியில் 1 லக்ஸ் இருக்கும். அங்கே ஏதோ நிற்கிறது என்று தெரியும். மூன்றில் ஒரு பங்கில் 2.25 லக்ஸ், அங்கே நிற்பது என்ன என்று தெரியும். தூரத்தை இரட்டிப்பாக்க வேண்டுமானால் கேண்டெலா நான்கு மடங்காக வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். 40,000-இலிருந்து 50,000 கேண்டெலாவுக்குத் தாவினால் கூடுவது 47 மீட்டர்தான், அதுவும் காகிதத்தில்.

படி 4: ஒளிக்கற்றையின் வடிவத்தைப் படியுங்கள்

வெள்ளைச் சுவரிலிருந்து ஓரிரண்டு மீட்டர் தள்ளி நின்று டார்ச்சைப் போடுங்கள். நடுவே ஒரு பிரகாசமான வட்டம். அதைச் சுற்றி மெல்ல மங்கும் வளையம். அதற்கும் வெளியே அகன்று பரவிய மங்கலான சிதறல். நடுவட்டம் ரிஃப்ளெக்டரில் பட்டுத் திரும்பிய ஒளி. சிதறல், எல்இடியிலிருந்து எதிலும் படாமல் நேராக வெளியேறிய ஒளி. நடுவட்டம் தூரத்துக்கு, சிதறல் நடப்பதற்கு. இந்த இரண்டுக்கும் இடையிலான பங்கீடுதான் ஒரு டார்ச்சின் குணம்.

கேண்டெலாவை லூமெனால் வகுத்தால் அந்தக் குணம் ஒரே எண்ணில் கிடைத்துவிடும். என் 3000 லூமென் டார்ச்சுக்கு விடை 3. அது பரப்பும் ரகம். 400 லூமென் டார்ச்சுக்கு 100. அது பாய்ச்சும் ரகம். அன்றாடப் பயன்பாட்டுக்கு 10-ஐ ஒட்டிய விகிதம் கையில் இதமாக இருப்பதை அனுபவத்தில் கண்டிருக்கிறேன். பையிலும் சமையலறை இழுப்பறையிலும் வைக்க அந்த ரகமே போதும். கூடாரத்துக்குள்ளும், வண்டியின் அடியில் குனிந்து வேலை செய்யும்போதும் விகிதம் குறைவாக இருக்கட்டும்.

பாய்ச்சும் திறன் எங்கிருந்து வருகிறது? இதைத்தான் பெரும்பாலானோர் தவறாக நினைக்கிறார்கள், நானும் நினைத்திருந்தேன். லூமெனைக் கூட்டினால் தூரமும் கூடும் என்பது எண்ணம். உண்மையில் உச்சச் செறிவைத் தீர்மானிப்பவை இரண்டு: எல்இடி சில்லின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் எவ்வளவு ஒளிர்கிறது என்பதும், முன்பக்க ரிஃப்ளெக்டரின் பரப்பும். இரண்டையும் பெருக்கி, இழப்பைக் கழித்தால் கேண்டெலா. சதுர மில்லிமீட்டருக்கு 100 கேண்டெலா ஒளிரும் சில்லை 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள ரிஃப்ளெக்டருக்குள் வைத்தால், இழப்பைக் கழிப்பதற்கு முன் ஏறக்குறைய 1,25,000 கேண்டெலா. இந்தக் கணக்கில் லூமென் எங்குமே வரவில்லை. அதே தலைக்குள் நான்கு மடங்கு பெரிய சில்லை வைத்து, ஒவ்வொரு மில்லிமீட்டரும் முன்போலவே ஒளிர்ந்தால், லூமென் நான்கு மடங்காகும், நடுவட்டம் அகலமாகும், தூரம் அப்படியே இருக்கும். தலை அகலமான டார்ச் தூரம் அடிப்பதற்கும், கட்டைவிரல் அளவு டார்ச் எவ்வளவு லூமென் கொட்டினாலும் தூரம் அடிக்காததற்கும் காரணம் இதுவே.

ரிஃப்ளெக்டர் கண்ணாடிபோல் வழவழப்பாக இருந்தால் நடுவட்டம் கூர்மையாக இருக்கும். ஆரஞ்சுப் பழத் தோல்போல் சிறு குழிகளோடு இருந்தால் ஓரங்கள் மென்மையாகக் கலக்கும், தூரம் கொஞ்சம் குறையும். முன்தலையை இழுத்துச் சுருக்கும் ஜூம் டார்ச் பார்க்கக் கவர்ச்சியாக இருக்கிறது. ஆனால் தூரத்துக்கு இழுக்கும்போது லென்ஸ் எல்இடியைவிட்டு விலகிப் போகிறது. பக்கவாட்டில் போகும் ஒளி லென்ஸில் படாமல் உள்சுவரிலேயே வீணாகிறது. சுவரில் சதுரமாக விழுவது எல்இடி சில்லின் உருவமேதான். சிதறல் இல்லாததால் நடக்கும்போது கால் வைக்கும் இடம் தெரியாது. எனக்கு அந்த ரகம் பிடிக்காது.

படி 5: எரியும் நேரத்தைச் சந்தேகத்தோடு படியுங்கள்

என் 3000 லூமென் டார்ச்சின் பெட்டியில் எரியும் நேரம் 4 மணி என்று இருக்கிறது. இரண்டு எண்களையும் சேர்த்துப் படித்தால் 3000 லூமென் 4 மணி நேரம் வரும் என்றுதான் தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு பேட்டரியின் மேல் எழுதியிருந்ததைப் பார்த்தேன்: 5000 மில்லி ஆம்பியர்-மணி, 3.6 வோல்ட். பெருக்கினால் 18 வாட்-மணி. நல்ல எல்இடி டார்ச் ஒரு வாட்டுக்கு 100 லூமென் தரும் என்று தாராளமாக வைத்துக்கொண்டால், பேட்டரி முழுவதிலும் இருப்பது 1800 லூமென்-மணி. 3000 லூமென் வீதம் செலவழித்தால் 36 நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

4 மணி எப்படி வந்தது? அறையில் டார்ச்சைக் கூரையை நோக்கி நிறுத்திவைத்து, போனில் லக்ஸ் அளவைக் குறித்துக்கொண்டே வந்தேன் (அதை லூமெனாக்கும் விதம் படி 8-இல்). மூன்றாவது நிமிடத்துக்குள் ஒளி 700 லூமென் அளவுக்கு இறங்கிவிட்டது. ஏறக்குறைய ஒரு மணி நேரம் அங்கேயே நின்றது. பிறகு இன்னொரு படி இறங்கி, 330 லூமென் அளவில் மூன்று மணி நேரம் இழுத்துக்கொண்டு போனது. பத்தில் ஒரு பங்கு என்றால் 300 லூமென். அதற்குச் சற்று மேலேயே நிற்கும்படி வடிவமைத்திருக்கிறார்கள். விதிப்படி 4 மணி என்பது உண்மைதான். ஆனால் நான் வாங்கியது நடைமுறையில் 700 லூமென் டார்ச்.

இறங்குவதற்குக் காரணம் வெப்பம். 30 வாட் மின்சாரத்தில் பாதிக்கு மேல் வெப்பமாகி, உள்ளங்கையளவு அலுமினியக் குழாய்க்குள் சேர்கிறது. குறைக்காவிட்டால் கையில் பிடிக்க முடியாது, எல்இடியும் கெடும். ஆகவே பெட்டியிலோ கையேட்டிலோ நேரத்துக்கு எதிராக ஒளி இறங்கும் வரைபடம் இருந்தால், மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதைப் பாருங்கள். மூன்றாவது நிமிடத்தில் கோடு எங்கே நிற்கிறதோ அதுதான் அந்த டார்ச்சின் உண்மையான லூமென்.

படி 6: நடக்காத எண்களைக் கண்டுபிடியுங்கள்

இது எளிது. ஒரே ஒரு 18650 பேட்டரி போட்ட டார்ச்சில் 1,00,000 லூமென் என்று எழுதியிருந்தால், வாட்டுக்கு 200 லூமென் என்ற மிகச் சிறந்த எல்இடியை வைத்தாலும் 500 வாட் வேண்டும். 3.6 வோல்ட்டில் அது கிட்டத்தட்ட 140 ஆம்பியர். அந்த அளவுப் பேட்டரியால் அதில் கால்பங்கைக்கூட வெகுநேரம் தாங்க முடியாது.

18650 என்பது 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள லித்தியம் பேட்டரி. அதன் கொள்ளளவு நல்ல தயாரிப்புகளில் 3500 மில்லி ஆம்பியர்-மணியை ஒட்டி நிற்கிறது. அதே உருளையின் மேல் 9900 என்று அச்சிட்டிருந்தால் பேட்டரியையும் நம்ப வேண்டாம், அதைப் பெட்டிக்குள் போட்டு விற்றவரையும் நம்ப வேண்டாம்.

படி 7: உங்கள் கண்ணையும் கணக்கில் சேருங்கள்

கண் நேர்க்கோட்டில் கணக்குப் போடுவதில்லை. ஒளி இரண்டு மடங்கானால் கொஞ்சம் கூடியதுபோல்தான் தெரியும்; இரண்டு மடங்கு பிரகாசம் என்று தோன்றவே ஏறக்குறைய நான்கு மடங்கு ஒளி வேண்டும். 1000 லூமெனா 1200 லூமெனா என்று மண்டையை உடைத்துக்கொள்வதில் பயனில்லை. இருட்டில் நடக்க 50 முதல் 150 லூமெனே தாராளம்.

கண் முழுமையாக இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகிறது. நள்ளிரவில் தண்ணீர் குடிக்க எழுந்து 700 லூமெனை முகத்துக்கு நேரே போட்டால், அந்தப் பழக்கம் ஒரு நொடியில் போய்விடும். மிகக் குறைந்த நிலையில் 1 லூமெனோ அதற்கும் கீழோ தரும் டார்ச்சைத் தேடுங்கள். நான் அதிகம் பயன்படுத்துவது அந்த நிலையைத்தான்.

பனிமூட்டத்திலும் மழையிலும் லூமென் எதிரியாகிவிடும். அகன்ற சிதறல் உள்ள டார்ச்சின் ஒளி, கண்ணுக்கு முன்னால் இருக்கும் நீர்த்துளிகளில் பட்டுத் திரும்பி வெள்ளைத் திரை கட்டும். டார்ச்சைக் கண்ணருகே பிடிக்காமல் இடுப்புக்குக் கீழே பிடித்தால் திரை கொஞ்சம் விலகும்.

நிறத்தையும் பாருங்கள். ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அலகில் குறிப்பார்கள். 6500 கெல்வின் நீலம் கலந்த வெண்மை. 3000 கெல்வின் பழைய குண்டு பல்பின் மஞ்சள். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு சிஆர்ஐ என்ற எண் இருக்கிறது. 70 சிஆர்ஐ டார்ச்சில் பழுப்பு வயரும் சிவப்பு வயரும் ஒன்றுபோல் தெரிந்து குழப்பும். 90-க்கு மேல் அந்தச் சிக்கல் வெகுவாகக் குறையும். ஆனால் சிஆர்ஐ உயர்ந்தால் அதே மின்சாரத்துக்குக் கிடைக்கும் லூமென் குறையும். பெட்டியில் பெரிய எண் போட விரும்புகிறவர்கள் உயர்ந்த சிஆர்ஐ பக்கம் ஏன் போவதில்லை என்பது இப்போது புரியும்.

படி 8: வீட்டிலேயே அளந்து பாருங்கள்

பல ஆண்ட்ராய்டு போன்களில் திரையின் மேல் ஓரத்தில், காதில் வைக்கும் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில், ஒளி உணரி இருக்கிறது. லக்ஸ் காட்டும் செயலி ஒன்றை நிறுவிக்கொண்டால் போதும்.

முதலில் கேண்டெலா. முழுதாக மின்னேற்றிய பேட்டரியைப் போடுங்கள். அறையை இருட்டாக்கி, போனையும் டார்ச்சையும் சரியாக 5 மீட்டர் இடைவெளியில், ஒரே உயரத்தில் வையுங்கள். டார்ச்சைப் போட்டு 30 நொடி பொறுத்திருங்கள். பிறகு நடுவட்டத்தை உணரியின் மேல் மெல்ல நகர்த்தி, காட்டும் மிக உயர்ந்த லக்ஸைக் குறித்து 25-ஆல் பெருக்குங்கள். என் 400 லூமென் டார்ச்சுக்கு 1440 லக்ஸ் வந்தது. 36,000 கேண்டெலா, தூரம் 379 மீட்டர். பெட்டி சொன்னது 400 மீட்டர். போன் உணரியின் பிழையே இதைவிடப் பெரிதாக இருக்கும் என்பதால் பெட்டியை நம்பிவிட்டேன். பாய்ச்சும் டார்ச்சை 1 மீட்டரில் வைத்து அளக்காதீர்கள். அந்தத் தூரத்தில் கற்றை இன்னும் முழுதாகத் திரண்டிருக்காது. விடை குறைவாக வரும்.

அடுத்து லூமென். கோளம் நம்மிடம் இல்லை, ஆனால் வெள்ளைக் கூரையுள்ள சிறிய அறை இருக்கிறது. டார்ச்சைத் தரையில் கூரை நோக்கி நிறுத்துங்கள். போனை ஓரமாக, டார்ச்சின் நேரடி ஒளி படாத இடத்தில் திரை மேலே பார்க்க வையுங்கள். லூமென் நம்பகமாகத் தெரிந்த ஒரு டார்ச்சை முதலில் அளந்து, அடுத்ததை அதே இடத்தில் வைத்து அளந்து, விகிதம் பாருங்கள். போன், டார்ச், கதவு, நீங்கள் நிற்கும் இடம் எதுவும் மாறக் கூடாது. வெள்ளைச் சட்டையும் கறுப்புச் சட்டையும்கூட எண்ணை மாற்றுகின்றன; பார்த்திருக்கிறேன்.

யாரோ பரிசாகக் கொடுத்த ஜூம் டார்ச் ஒன்று என்னிடம் இருந்தது. பெட்டியில் 20,000 லூமென். 400 லூமென் டார்ச் அந்த அறையில் 20 லக்ஸ் காட்டியது. ஜூம் டார்ச்சின் தலையை முழுக்கச் சுருக்கி, அதிக ஒளி வரும் நிலையில் வைத்துப் போட்டேன். 12 லக்ஸ். கணக்குப் போட்டால் 240 லூமென். அதைத் தூக்கி எறியவில்லை. 240 என்று ஒரு வெள்ளைத் தாளில் எழுதி அதன் முதுகில் ஒட்டி, மின்சார மீட்டருக்குப் பக்கத்தில் மாட்டிவைத்திருக்கிறேன். 240 லூமென் டார்ச் என்ற வகையில் அது மோசமில்லை.